சொக்லட் கட்டியும் சூலகப் புற்றுநோயும்: நூறாண்டுக் கேள்வி ஒன்றின் இன்றைய நிலை

எண்டோமெட்ரியோசிஸ் எனப்படும் கருப்பை உட்படல நோய்க்கும் சூலகப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி, 1925இல் திட்டவட்டமாக எழுப்பப்பட்டதிலிருந்து மகப்பேற்றியல், நோயியல், தொற்றுநோயியல், பரம்பரையியல் ஆகிய துறைகளின் வழியாக நூறாண்டுகள் பயணம் செய்து வந்திருக்கிறது. தொடர்பு உண்டு என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அத்தொடர்பு எல்லா வகைச் சூலகப் புற்றுக்கும் உரியதன்று, எண்டோமெட்ரியோசிஸ் உள்ள எல்லாப் பெண்களுக்கும் ஒரே அளவில் உரியதுமன்று. இவ்விரு வரம்புகளையும் தவிர்த்து, "நான்கு மடங்கு ஆபத்து" என்ற தலைப்பை மட்டும் வாசிக்கும் பெண் வீணாக அஞ்சுகிறாள். அந்தத் தலைப்பை மிகையென்று தள்ளிவிடும் வைத்தியரோ கவனிக்க வேண்டிய சிலரையும் சேர்த்தே தவறவிடுகிறார்.

கருப்பையின் உட்சுவரை மூடி, மாதந்தோறும் தடித்துப் பின் உதிரும் மென்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். அது சூலகத்தின் மேலும், இடுப்புக்குழியின் உள்ளுறையிலும், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடைப்பட்ட பகுதியிலும் பெரும்பாலும் காணப்படும். ஈஸ்ட்ரோஜன் ஓமோனின் ஏற்ற இறக்கத்துக்கு அது கருப்பைப் படலத்தைப் போலவே அசைந்து கொடுப்பதால் மாதவிடாயின்போது அங்கும் இரத்தம் கசிகிறது. வெளியேற வழியில்லாத அந்த இரத்தம் அழற்சியையும் தழும்பையும் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நிலையையும் உண்டாக்குகிறது. சூலகத்துக்குள்ளே இவ்வாறு தேங்கும் பழைய இரத்தம் கபில நிறக் குழம்பாக மாறிக் கட்டியாகத் திரளும்போது, கிளினிக்குகளில் அதனைச் "சொக்லட் சிஸ்ட்" என்று சொல்கிறார்கள். இனப்பெருக்க வயதுப் பெண்களிலும் சிறுமிகளிலும் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு, அதாவது உலகில் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் உள்ளதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை மாதத்தில் இரண்டு நாள் பாடசாலைக்குப் போக முடியாமல் சுருண்டு படுக்கும்போது, இரண்டு பனடோலும் சுடுதண்ணிப் போத்தலும் கொடுத்து, "கலியாணம் கட்டினால் எல்லாம் சரிவரும்" என்று ஆறுதல் சொல்வது இன்னும் வழக்கொழியவில்லை. இந்த ஆறுதல் நோயைக் கண்டறிவதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறது என்பதே இங்கு முக்கியம். ஏனெனில், கட்டி சூலகத்தில் எவ்வளவு காலம் இருந்தது என்பதும் பின்னர் பேசப்படும் ஆபத்தைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்று.

நியூயோர்க் மாநிலத்தின் அல்பனி நகரில் பணியாற்றிய ஜோன் சாம்ப்சன் என்ற மகளிர்நோய் மருத்துவர் 1921இல் சொக்லட் கட்டிகளை விரிவாக விவரித்தார். 1925இல் அத்தகைய இழையத்திலிருந்தே தோன்றிய சூலகப் புற்றுகளைக் காட்டினார். 1927இல், மாதவிடாய் இரத்தம் பலோப்பியன் குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றறைக்குள் சென்று அங்கே வேர்கொள்கிறது என்ற, இன்றும் பேசப்படும் விளக்கத்தை முன்வைத்தார். ஒரு புற்று எண்டோமெட்ரியோசிஸிலிருந்து பிறந்தது என்று சொல்வதற்கு அவர் விதித்த நிபந்தனைகள் கடுமையானவை. புற்றும் எண்டோமெட்ரியோசிஸும் ஒரே சூலகத்தில் இருக்க வேண்டும், புற்றின் இழைய அமைப்பு கருப்பை உட்படலத்தை ஒத்திருக்க வேண்டும், வேறோர் இடத்திலிருந்து பரவி வந்த புற்றாக அது இருக்கக்கூடாது. 1953இல் ஸ்கொட் என்பவர், சாதாரண எண்டோமெட்ரியோசிஸிலிருந்து புற்றுக்கு மாறும் இடைநிலையும் நுணுக்குக்காட்டியில் தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும் என்ற நான்காவது நிபந்தனையைச் சேர்த்தார். தர்க்கரீதியாக இது சரியானதுதான். ஆனால் வளர்ந்த புற்று தான் பிறந்த இழையத்தையே விழுங்கிவிடுவதால், இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் தேறும் நோயாளர் மிகச் சிலரே. ஆகவே தனி நோயாளரின் இழைய வெட்டுமுகத்திலிருந்து கேள்வி படிப்படியாகப் பெருந்தொகைப் பெண்களின் பதிவேடுகளுக்கு நகர்ந்தது.

அந்த நகர்வின் முக்கிய மைல்கல் 1997இல் வெளியான சுவீடன் ஆய்வு. எண்டோமெட்ரியோசிஸுக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட 20,686 பெண்களின் பதிவுகளைத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுடன் பொருத்திப் பார்த்தபோது, சூலகப் புற்று எதிர்பார்த்ததைவிட 1.9 மடங்கு காணப்பட்டது. சூலகத்திலேயே நீண்டகாலம் நோய் இருந்தவர்களில் அது 4.2 மடங்காக உயர்ந்தது. எனினும் "சூலகப் புற்று" என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் அடங்கியிருப்பதை இந்த எண் மறைத்துவிடுகிறது. மிகப் பரவலாகக் காணப்படுவதும் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணமாவதுமான உயர்நிலை சீரஸ் வகை, பெரும்பாலும் பலோப்பியன் குழாயின் நுனியில் தொடங்கிச் சூலகத்துக்கு வருவதாக இன்று கருதப்படுகிறது, பி.ஆர்.சி.ஏ. பரம்பரையலகு விகாரங்கள் குடும்பங்களில் கொண்டுவரும் புற்றும் பெரும்பாலும் இதுவே. கருப்பை உட்படலத்தை ஒத்த கலங்களைக் கொண்ட எண்டோமெட்ரொயிட் வகையும், நுணுக்குக்காட்டியில் வெளிறித் தெளிந்த கலங்களாகத் தெரியும் தெளிகல வகையும் இதிலிருந்து முற்றிலும் வேறானவை.

2012இல் வெளியான ஒரு கூட்டாய்வு இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. பதின்மூன்று ஆய்வுகளைத் திரட்டி, புற்றுநோயுள்ள 7,911 பெண்களையும் நோயற்ற 13,226 பெண்களையும் ஒப்பிட்ட அவ்வாய்வில், எண்டோமெட்ரியோசிஸ் இருந்ததாகச் சொன்னவர்களிடையே தெளிகலப் புற்று ஏறத்தாழ 3 மடங்கும், எண்டோமெட்ரொயிட் புற்றும் தாழ்நிலை சீரஸ் புற்றும் 2 மடங்குக்குச் சற்று மேலும் காணப்பட்டன. உயர்நிலை சீரஸ் வகையுடனோ, சளி சுரக்கும் வகையுடனோ தொடர்பு எதுவும் தென்படவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்த முந்தைய ஆய்வுகள் உண்மையைப் பொய்யாக்கவில்லையாயினும் மங்கலாக்கின என்றே சொல்ல வேண்டும். 2021இல் வந்த மீளாய்வும் இதே வரிசையையே உறுதிசெய்தது. மொத்தச் சூலகப் புற்று 1.93 மடங்கு, தெளிகல வகை 3.44, எண்டோமெட்ரொயிட் வகை 2.33, மார்பகப் புற்றில் 1.04 என்ற, புறக்கணிக்கத்தக்க ஏற்றம். கருப்பைக் கழுத்துப் புற்றிலோ குறைவு.

செய்திகளில் அதிகம் அடிபட்டது 2024 ஜூலையில் வெளியான அமெரிக்க யூட்டா மாநில ஆய்வு. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 78,893 பெண்களை நோயற்ற பெண்களோடு ஒப்பிட்டபோது சூலகப் புற்றின் ஆபத்து 4.2 மடங்காகவும், ஆழமாக ஊடுருவிய நோயோ சூலகக் கட்டியோ இருந்தவர்களில் 9.7 மடங்காகவும், அவர்களிடையே தெளிகலம், எண்டோமெட்ரொயிட் உள்ளிட்ட, முதலாந் தொகுதி எனப்படும் புற்றுகளுக்கு மட்டும் ஏறத்தாழ 19 மடங்காகவும் அது கணித்தது. தலைப்பு எழுதுவோர் கண்ணில் இந்த 19 பட்டது. அதே கட்டுரையில் இருந்த மற்றோர் எண், அதாவது எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 10,000 பெண்களுக்குக் கூடுதலாக ஏறத்தாழ 10 பேர் மட்டுமே என்பது, படவில்லை. அரிய நோயொன்று பத்து மடங்காகப் பெருகினாலும் அரியதாகவே இருக்கக்கூடும் என்பதைச் சதவீதக் கணக்கில் பழகாத வாசகர் தாமாக ஊகிக்க மாட்டார்.

இவ்வெண்களில் ஒரு பகுதி பார்வைப் பிழையால் ஊதிப் பெருத்திருக்கவும் கூடும். புற்றுக்கான சத்திரசிகிச்சையின்போதுதான் பலரின் எண்டோமெட்ரியோசிஸே கண்டுபிடிக்கப்படுகிறது. நோயற்றவர் என்று ஒப்பீட்டுக்கு எடுக்கப்படும் பெண்களில் வலியே இல்லாமல் அந்நோய் உள்ளவர்களும் இருப்பார்கள். கிளினிக்குக்கு அடிக்கடி வருபவரிடம் எந்த நோயும் எளிதில் அகப்படும். ஆனால் முதலாண்டில் கண்டறியப்பட்ட புற்றுகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டாலும் தொடர்பு முற்றாக மறைவதில்லை என்பதும், அது இரண்டு மூன்று வகைகளில் மட்டும் திரும்பத் திரும்பக் குவிகிறது என்பதும் இதனை வெறும் பார்வைப் பிழையென ஒதுக்கவிடாமல் தடுக்கின்றன.

ஐயத்தைப் பெரிதும் தீர்த்தது மூலக்கூற்று உயிரியலே. கலத்தின் டி.என்.ஏ. இழையைத் தேவைக்கேற்ப விரித்தும் சுருட்டியும் எந்தப் பரம்பரையலகு இயங்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் புரதத் தொகுதி ஒன்றின் அங்கம், ஏ.ஆர்.ஐ.டி.1ஏ என்ற பரம்பரையலகினால் உண்டாக்கப்படுகிறது. 2010இல் கனடிய ஆய்வாளர் குழுவொன்று, தெளிகலப் புற்று 119இல் 55இலும் எண்டோமெட்ரொயிட் புற்று 33இல் 10இலும் இப்பரம்பரையலகு பழுதடைந்திருப்பதையும், உயர்நிலை சீரஸ் புற்று 76இல் ஒன்றில்கூட அப்பழுது இல்லாமையையும் அறிவித்தது. அவ்வாய்வின் மிகக் கூர்மையான அவதானம் இரண்டு நோயாளரைப் பற்றியது: புற்றை ஒட்டிக் கிடந்த, ஏற்கனவே உருமாறத் தொடங்கிய எண்டோமெட்ரியோசிஸ் இழையத்தில் அதே விகாரம் காணப்பட, அதே பெண்ணின் வயிற்றறையில் தொலைவிலிருந்த எண்டோமெட்ரியோசிஸில் அது காணப்படவில்லை. சாம்ப்சனும் ஸ்கொட்டும் நுணுக்குக்காட்டியில் தேடிய இடைநிலை இங்கே டி.என்.ஏ.யில் அகப்பட்டது எனலாம்.

எனினும் விகாரம் கண்ட இடமெல்லாம் புற்று என்று கொண்டால் தவறாகும். 2017இல், புற்றுக்கு மாறுவது மிக அரிதான ஆழ் ஊடுருவல் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 24 பெண்களின் இழையத்தை ஆராய்ந்தபோது 19 பேரில் பிறப்புக்குப் பின் ஏற்பட்ட விகாரங்களும், அவர்களில் ஐவரில் புற்றைத் தூண்டவல்லவையென அறியப்பட்ட விகாரங்களும் இருந்தன; அந்த ஐவருக்கும் புற்று இருக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள், நோயேயில்லாத கருப்பை உட்படலத்திலும் இத்தகைய விகாரங்கள் இருப்பதைக் காட்டினர். எனவே விகாரத்தோடு வேறொன்றும் சேர வேண்டும். சூலகக் கட்டியின் உள்ளே அதற்குரிய சூழல் இருக்கிறது: தேங்கிய இரத்தம் சிதைந்து வெளிவிடும் இரும்பு, ஒட்சிசனேற்ற அழுத்தத்தை உண்டாக்கி டி.என்.ஏ.யைத் தொடர்ந்து தாக்குகிறது, பக்கத்திலேயே ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது, அழற்சி ஓய்வதில்லை. வயிற்றறை உள்ளுறையில் சிறு புள்ளிகளாகப் படர்ந்த நோயைவிடச் சூலகத்துக் கட்டியே ஏன் அதிகம் கவனிக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இதுவரை இல்லை. பிறவியிலேயே வரும் பரம்பரை இயல்புகளிலும் தெளிகல, எண்டோமெட்ரொயிட் புற்றுகளுக்கும் எண்டோமெட்ரியோசிஸுக்கும் பொதுவானவை உண்டென்று பின்வந்த பரம்பரையியல் ஒப்பீடுகள் காட்டின. ஆகவே ஒன்று மற்றொன்றின் தாயா, இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளா என்ற பழைய விவாதத்தில் இரு தரப்புக்கும் ஓரளவு உண்மை உண்டு.

ஆசியப் பெண்களைப் பற்றிப் பேசும்போது ஜப்பான் எப்போதும் எடுத்துக்காட்டாக வருகிறது. அங்கே சூலகப் புற்றுகளில் நான்கில் ஒன்று தெளிகல வகை. மேலைநாடுகளில் அது பத்தில் ஒன்றை எட்டுவதே அரிது. ஆனால் ஜப்பானுக்குப் பொருந்துவது தென்னாசியாவுக்கும் பொருந்தும் என்று ஆசியா என்ற ஒரு சொல்லின் பலத்தில் முடிவுகட்டுவது ஆய்வு நெறியாகாது. வாழ்நாளில் சூலகப் புற்று வரும் வாய்ப்பு எல்லாப் பெண்களுக்கும் 1.3 சதவீதம், எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு 2.5 சதவீதம் என ஐரோப்பிய வழிகாட்டி நூல் 2022இல் தரும் கணக்கும் செல்வந்த நாடுகளின் பதிவேடுகளிலிருந்து வந்ததே. அக்கணக்கின்படி எண்டோமெட்ரியோசிஸ் உள்ள ஏறத்தாழ 80 பெண்களில் கூடுதலாகப் பாதிக்கப்படுபவர் ஒருவர்.

இந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதற்காக 80 பேரையும் ஆண்டுதோறும் சோதிக்கலாமே என்ற யோசனை இயல்பாகவே எழும். அதற்குப் பெரும்பாலும் நாடப்படுவது சி.ஏ.125 என்ற இரத்தப் பரிசோதனை. புற்று இல்லாத வெறும் எண்டோமெட்ரியோசிஸிலேயே இப்புரதம் உயர்ந்து காணப்படும். மாதவிடாய் நாட்களில் இன்னும் உயரும். காலி வீதியோரத்து ஆய்வுகூடமொன்றில் வைத்தியர் கேட்காமலே இப்பரிசோதனையைச் செய்துகொண்டு, அறிக்கையில் தடித்த எழுத்தில் அச்சான எண்ணைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைப்பதால் பயன் ஏதுமில்லை. நோய்க்குறியற்ற பெண்கள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு பிரித்தானியாவில் நடத்தப்பட்ட பெரும் பரிசோதனையின் 2021ஆம் ஆண்டு முடிவு, சி.ஏ.125ஐயும் ஸ்கானையும் வைத்து ஆண்டுதோறும் சோதித்தது சூலகப் புற்று மரணங்களைக் குறைக்கவில்லை என்று காட்டியது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள எல்லோருக்கும் புற்றுநோய்ச் சலிப்புச் சோதனை (ஸ்கிரீனிங்) வேண்டாம் என்று ஐரோப்பிய வழிகாட்டி சொல்வதன் அடிப்படை இத்தகைய சான்றுகளே. இதனோடு இன்னொரு குழப்பத்தையும் தெளிவாக்க வேண்டும்: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 1996 முதல் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்கில் எடுக்கப்படும் பெப் பரிசோதனை கருப்பைக் கழுத்துப் புற்றுக்கானது. அது சரியென்று வந்தால் சூலகமும் சரியென்று பொருளல்ல.

பொதுச் சலிப்புச் சோதனை வேண்டாம் என்பது கவனமே வேண்டாம் என்றாகாது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியும் சூலகக் கட்டி நிலைத்திருப்பவர், கட்டி மிகப் பெரிதாயுள்ளவர், மாதவிடாய் நின்றபின் புதிதாகக் கட்டி தோன்றியவர், மாதவிடாயோடு வந்து போன வலி எப்போதுமிருக்கும் வலியாக மாறியவர் ஆகியோரைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்கானில் சாதாரணச் சொக்லட் கட்டி, தேய்த்த கண்ணாடியின் மங்கலோடு ஒருசீராகத் தெரியும். அதன் உட்சுவரிலிருந்து இரத்தவோட்டமுள்ள திண்மமான முகிழ் எழுந்திருந்தால் அது வேறு கதை. கர்ப்ப காலத்தில் ஓமோன் மாற்றத்தால் புற்றில்லாத கட்டியிலும் அத்தகைய முகிழ்கள் தோன்றி ஏமாற்றுவதுண்டு என்பதால், அவ்வேளையில் அனுபவமுள்ளவர் பார்ப்பது நல்லது. யோனிவழி ஸ்கான் சூலகத்தை மிகத் தெளிவாகக் காட்டினாலும், திருமணமாகாத பெண்களுக்குப் பெரும்பாலும் வயிற்றின் மேலாகவே ஸ்கான் செய்யப்படுகிறது; நாற்பது வயதிலும் திருமணமாகாதிருக்கும் பெண்ணுக்கு இந்தத் தயக்கம் உண்மையான இழப்பைத் தரக்கூடும். பிள்ளைப்பேறு இல்லாமையே சூலகப் புற்றின் ஆபத்தைக் கூட்டும் காரணி ஆகையால், நன்றாகப் பார்க்கப்பட வேண்டியவரே குறைவாகப் பார்க்கப்படுகிறார். வயிற்றின் மேலாகச் செய்த ஸ்கானில் ஐயம் எஞ்சினால் எம்.ஆர்.ஐ. செய்து தெளியலாம்.

ஆபத்தைக் குறைக்கும் வழிகளில் மிக வலுவான சான்றுள்ளது புதிய மருந்தொன்றுக்கல்ல. குடும்பத் திட்டமிடல் சங்கத்தின் "மித்துரி"யைப் போன்ற, இரண்டு ஓமோன்கள் சேர்ந்த கர்ப்பத்தடை மாத்திரைகள், சூல் வெளியேறுவதை நிறுத்துவதன் மூலம் எல்லாப் பெண்களிலும் சூலகப் புற்றைக் குறைக்கின்றன. ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்களில் குறைவு அதிகம், நிறுத்திய பின்னரும் நெடுங்காலம் நீடிக்கிறது. அதே மாத்திரை எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கும் மருந்து. ஆயினும் திருமணமாகாத மகளுக்கு "அந்த மாத்திரை"யை வைத்தியர் எழுதிக்கொடுத்தால் தாய்மார் முகஞ்சுளிப்பதும், பின்னால் பிள்ளை தங்காது என்று அயலார் சொல்வதை நம்பி இரண்டாம் மாதமே நிறுத்திவிடுவதும் நடக்கின்றன. மாத்திரை கருத்தரிக்கும் ஆற்றலை அழிப்பதில்லை; கவனிக்காமல் விடப்பட்ட எண்டோமெட்ரியோசிஸே அதற்குப் பல வேளைகளில் தடையாகிறது. குழாய்களைக் கட்டும் எல்.ஆர்.டி. சத்திரசிகிச்சையும் எண்டோமெட்ரொயிட், தெளிகல வகைகளைப் பெருமளவு குறைப்பதாகக் கூட்டாய்வுகள் காட்டியுள்ளன. பின்னோக்கிச் செல்லும் மாதவிடாய் இரத்தத்தின் பாதை அடைபடுவது அதற்கொரு காரணமாகலாம்.

சத்திரசிகிச்சையில் நிதானம் தேவை. நோயை முழுமையாக அகற்றியவர்களிலும் ஒரு சூலகத்தை நீக்கியவர்களிலும் பின்னர் புற்று குறைந்ததை 2013இல் வெளியான சுவீடன் ஆய்வு காட்டியதுண்மை. ஆனால் கட்டியை உரித்தெடுக்கும்போது சூல்களின் இருப்பும் குறைகிறது. பிள்ளைக்கு ஏங்கும் முப்பது வயதுப் பெண்ணிடம் ஏறத்தாழ ஒரு சதவீதக் கூடுதல் ஆபத்தைக் காட்டிச் சூலகங்களை எடுக்கச் சொல்வது வைத்தியமாகாது. இளவயதில் இரு சூலகங்களையும் இழப்பவருக்கு இதயநோயும் எலும்புத் தேய்வும் முன்கூட்டி வரும். மறுபக்கத்தில், கருப்பையோடு சூலகங்களையும் எடுத்தவர்களுக்கு, கருப்பை இல்லையே என்ற எண்ணத்தில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. குடலிலோ இடுப்புக்குழியிலோ எஞ்சிய எண்டோமெட்ரியோசிஸ் இழையத்தை அது தூண்டிவிடக்கூடும் என்பதால், இவர்களுக்குப் புரொஜெஸ்டரோன் வகை மருந்தும் சேர்ந்த சிகிச்சையே விரும்பப்படுகிறது.

கொழும்பைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு உள்ளூர்ப் பதில் பெறுவதற்கான கட்டமைப்பு ஓரளவு இருக்கிறது. 1879இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையில் பிறந்த டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும் பொரளையின் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் நடைதூரத்தில் உள்ளன; புற்றென்று உறுதியானோர் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகின்றனர்; தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் கொழும்பு மாவட்டத்துக்கெனச் சனத்தொகை அடிப்படையிலான பதிவேட்டை 2012ஆம் ஆண்டுத் தரவுகளிலிருந்து வெளியிட்டு வருகிறது; பெண்களின் புற்றுநோய்களில் சூலகப் புற்று முன்வரிசையிலேயே நிற்கிறது. இணைப்புத்தான் சிக்கலானது. சுவீடனிலும் யூட்டாவிலும் ஒரு பெண்ணின் இருபதாம் வயதுச் சிகிச்சையையும் ஐம்பதாம் வயதுப் புற்றையும் பதிவேடுகளே கோர்த்துவிடுகின்றன. இங்கே அந்தக் கோர்வை பெரும்பாலும் பெண்ணின் கைப்பையில் இருக்கிறது: மட்டைபோட்ட கிளினிக் கொப்பி, தனியார் நிலையத்து ஸ்கான் அறிக்கை, வாட்டிலிருந்து விடும்போது கொடுத்த நோய் நிர்ணய அட்டை, அகற்றிய கட்டியின் இழையப் பரிசோதனை அறிக்கை. கடைசித் தாளை வாங்க மறுபடியும் வரச் சொல்வார்கள்; வலி தீர்ந்தவர் வராமலும் விடுவார்.

அந்தத் தாளில்தான் உருமாற்ற அறிகுறி இருந்ததா, இல்லையா என்பது எழுதப்பட்டிருக்கும். ஆகவே அகற்றப்படும் ஒவ்வொரு சொக்லட் கட்டியும், கண்ணுக்கு எவ்வளவு சாதாரணமாகத் தெரிந்தாலும், நோயியல் ஆய்வுக்கு அனுப்பப்பட வேண்டும். அனுப்பும் படிவத்தில் "சூலகக் கட்டி" என்று மட்டும் எழுதாமல் எண்டோமெட்ரியோசிஸ் எத்தனை ஆண்டுகளாக உள்ளது, ஓமோன் மருந்து எடுக்கப்பட்டதா என்பவையும் குறிக்கப்பட வேண்டும். புற்று கண்டறியப்பட்டால், அதன் வகையோடு பக்கத்தில் எண்டோமெட்ரியோசிஸ் இருந்ததா என்பதையும் நோயியல் நிபுணர் அறிக்கையில் பதிய வேண்டும். எண்டோமெட்ரொயிட், தெளிகல வகைகள் சிலவேளை லிஞ்ச் நோய்க்கூட்டம் என்ற, குடும்பத்தில் குடற்புற்றையும் கருப்பைப் புற்றையும் கொண்டுவரும் பரம்பரைக் கோளாறின் அடையாளமாகவும் அமைவதால், அந்த ஒரு வரி அப்பெண்ணின் சகோதரிகளுக்கும் பிள்ளைகளுக்கும் எந்தப் பரிசோதனை தேவை என்பதையும் தீர்மானிக்கும்.